ஜப்பானிய டாங்கி சிமுலேஷன் கேமின் மெனுவில் வழி கண்டுபிடிப்பது: பான்ஸர் ஃப்ரன்ட் வாங்கியவர்களுக்கு

பான்ஸர் ஃப்ரன்ட் வரிசையின் முதல் கேம் 1999இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. ஷாங்க்ரி-லா உருவாக்கியது, ஆஸ்கி வெளியிட்டது. அதற்குப் பின்னால் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. 2001இல் வந்த 'பிஸ்', 2004இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஆஸ்ஃப் பி' இரண்டும் ஜப்பானிய மொழியில் மட்டுமே உண்டு. இரண்டாம் உலகப்போர் டாங்கிகளை இவ்வளவு அக்கறையோடு நடத்திய கன்சோல் கேம்கள் மிகக் குறைவு. இதில் உயிர்ப்பட்டை கிடையாது. குண்டு கவசத்தைத் துளைத்தால் கதை முடிந்தது, துளைக்காவிட்டால் தெறித்துப் போகும். அதனால்தான் மெனு முக்கியமாகிறது. எந்தக் குண்டு எத்தனை இருக்கிறது, எந்தப் பக்கக் கவசம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல் இதை ஆட முடியாது.

மெனு முழுவதையும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு ஆடப் பார்ப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஒரு சொல்லில் எந்த எழுத்தைப் பார்த்தால் போதும் என்று தெரிந்தால், டாங்கிப் பெயர்களுக்கான எழுத்துகள் போக, நாற்பது எழுத்துகளுக்குள் காரியம் நடந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசைக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்து ஜப்பானியப் போர் கேம்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், நம்மிடம் 230. ஜப்பானியப் பிளேஸ்டேஷனை வெறும் பயண அடாப்டரில் சொருகினால் பின் உள்ளே போய்விடும், பவர் சப்ளையும் கூடவே போய்விடும். 230-இலிருந்து 100-க்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். சின்ன வெள்ளை 'பிஎஸ் ஒன்' வைத்திருந்தால் வேலை சுலபம். அது வெளி அடாப்டரில் 7.5 வோல்ட், 2 ஆம்பியரில் ஓடுவது. அதே அளவும் அதே முனையும் உள்ள உள்ளூர் அடாப்டர் போதும். டிவி பழைய டியூப் டிவியாக இருந்து படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கன்சோல் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய கன்சோல் என்டிஎஸ்சி முறையில் நிறத்தை அனுப்புகிறது. நம்மிடம் உள்ள 'பால்' (PAL) முறை மட்டும் தெரிந்த டிவிக்கு அந்த நிறம் புரியாது. டிஸ்க்கும் கன்சோலும் ஒரே பிராந்தியமாக இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்து பொத்தான். அந்தக் காலத்து ஜப்பானிய கேம்களில் வட்டம் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. அங்கே பள்ளிக்கூடத்தில் விடைத்தாளில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள், அதை 'மாரு' என்பார்கள். தப்புக்குப் பெருக்கல் குறி, அது 'பாத்ஸு'. வெளிநாட்டுப் பதிப்புகளில் பழகிய கைக்கு இது நேர் எதிர். சாதாரண மெனுவில் இதனால் பெரிய நட்டம் வராது, முந்தைய திரைக்குப் போய்விடுவீர்கள், அவ்வளவுதான். மெமரி கார்டு திரையில் நிலைமை வேறு. 'வேண்டாம்' என்று நினைத்து வட்டத்தை அழுத்தினால் சேமித்ததெல்லாம் போகும். முதல் ஒரு மணி நேரம் கன்ட்ரோலர் மேலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி, வட்டத்துக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி வைப்பது நல்லது.

இனி எழுத்து. ஜப்பானிய மெனுவில் மூன்று வகை எழுத்து கலந்து வரும். வளைவு வளைவாக இருப்பது ஹிரகானா, நேர்கோடாகக் கூர்மையாக இருப்பது கதகனா, நெருக்கமாகக் கட்டிய கோலம் போல இருப்பது கஞ்சி. டாங்கிப் பெயர்களில் பெரும்பாலானவை கதகனாவில் வரும். அதன் அடிப்படை எழுத்துகள் 46. ஒரு வாரம் போதும்.

கதகனா தமிழர்களுக்கு எளிதாகப் பிடிபடும் இடம் ஒன்று உண்டு. 'கல்'லில் வரும் க-வுக்கும் 'தங்க'த்தில் வரும் க-வுக்கும் நாம் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். ஜப்பானியரும் அடிப்படையில் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் தங்கத்தின் ஒலி வேண்டுமென்றால் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கீறல் போடுவார்கள். 'த' வரிசைக்கும் அப்படியே. 'ஹ' வரிசையில் இரண்டு கீறல் போட்டால் 'கம்ப'த்தில் வரும் ப, சின்ன வட்டம் போட்டால் 'பல்'லில் வரும் ப. நம் துணைக்கால் செய்யும் வேலையை அங்கே ஒரு படுக்கைக் கோடு செய்கிறது. முன்னால் உள்ள ஒலியை நீட்டும்.

இதை வைத்துப் பாருங்கள். 'டீகா' என்று எழுதியிருப்பது டைகர் டாங்கி, ஜெர்மன் உச்சரிப்பை ஒட்டி எழுதுகிறார்கள். ஐந்து குறிகள், அதில் இரண்டு படுக்கைக் கோடுகள், இரண்டு கோடுகளுக்கும் நடுவே கீறல் போட்ட க. ஆங்கில உச்சரிப்பில் 'டைகா' என்றும் சில இடங்களில் வரும். 'பன்டா' என்பது பாந்தர். அது நான்கு குறி, முதல் எழுத்தில் சின்ன வட்டம் இருக்கும். 'ஷாமன்' என்பது ஷெர்மன். ஷெர்மனில்தான் பலரும் தடுமாறுவார்கள். 'ஷி', 'த்ஸு' என்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே முகம். குட்டிக் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இடப்பக்கம் அடுக்கியிருந்தால் 'ஷி', மேலே பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 'த்ஸு'. 'ன்', 'ஸோ' இரண்டுக்கும் இதே கணக்குதான். ஒரு குட்டிக்கோடு மட்டும்.

கஞ்சிக்கு வருவோம். முதலில் நம் சேமிப்பை அழித்துவிடக்கூடிய சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், மற்றவை பிறகு.

'ஸெத்தேய்' என்றால் அமைப்பு, ஆப்ஷன். இரண்டு எழுத்து. 'ஷோகி ஸெத்தேய்' என்றால் தொடக்க அமைப்பு, நான்கு எழுத்து. அதை அழுத்தினால் நீங்கள் மாற்றிய ஆப்ஷன்கள் பழைய நிலைக்குப் போகும், அதற்கு மேல் ஆபத்தில்லை. 'ஷோகிகா' என்பது மூன்று எழுத்து. முதல் இரண்டு எழுத்தும் மேலே சொன்னதேதான், மூன்றாவது மட்டும் வேறு. நாலே கோட்டில் முடிகிற எளிய எழுத்து அது. இது மெமரி கார்டையே ஃபார்மட் செய்யும் சொல். கார்டு சரியாக உட்காராமல் இருந்தாலும் சில கேம்கள் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். அப்போது 'சரி' கொடுத்தால் கார்டில் இருந்த மற்ற கேம்களின் சேமிப்பும் சேர்ந்தே போகும். பெருக்கல் குறியை அழுத்தி வெளியே வந்து, கன்சோலை அணைத்து, கார்டைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். நான்கு எழுத்தென்றால் பயமில்லை, மூன்று எழுத்தென்றால் கையை எடுங்கள்.

'ஸகுஜோ' என்றால் நீக்கு. முதல் எழுத்தின் வலது ஓரத்தில் செங்குத்தாக இரண்டு கோடு தனியாக நிற்கும், அது கத்தியின் வடிவம். கத்தி தெரிந்தால் வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 'உவாகாகி' என்றால் பழைய சேமிப்பின் மேலேயே எழுதுவது. முதல் எழுத்து 'மேலே' என்ற எழுத்து: தரைக்கோடு ஒன்று, அதன் மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சிறு கிளை. இதையே தலைகீழாக்கி, கூரையிலிருந்து கம்பம் தொங்குவது போல எழுதினால் 'கீழே'.

கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் பெரும்பாலும் ஹிரகானாவில் இரண்டே சொல்தான் இருக்கும். 'ஹாய்' என்றால் ஆம், இரண்டு எழுத்து. 'ஈயே' என்றால் இல்லை, மூன்று எழுத்து. நீளமானது 'இல்லை' என்று நினைவில் வைத்தால் போதும்.

பிளேஸ்டேஷன் 1 மெமரி கார்டில் 15 பிளாக் இடம் உண்டு. பிளேஸ்டேஷன் 2-இல் முதல் இரண்டு கேம்களையும் ஆடலாம், ஆனால் சேமிக்க பிளேஸ்டேஷன் 1 கார்டையே சொருக வேண்டும். 8 எம்பி கார்டில் அந்தச் சேமிப்பு நேரடியாகப் போகாது. 'கார்டு இல்லை' என்று திரை சொல்லும்போது பலரும் கார்டைச் சந்தேகப்படுவது இதனால்தான். இன்னொன்று: இந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலும் ஆப்ஷன் திரையில் மாற்றியது தானாகச் சேமிப்பாகாது. மாற்றிய கையோடு சேமிப்புத் திரைக்குப் போய்ச் சேமித்துவிடுங்கள்.

ஆப்ஷன் திரையில் இரண்டு இரண்டாக வரும் தேர்வுகளில் எது இப்போது தேர்வாகி இருக்கிறது என்பதே குழப்பமாக இருக்கும். வெளிச்சமாக இருப்பதா, மங்கலாக இருப்பதா? இடம் வலம் அழுத்திப் பாருங்கள், நகர்வது எதுவோ அதுதான் தேர்வு. 'ஜிதோ' என்றால் தானியங்கி, 'ஷுதோ' என்றால் கையால். இரண்டாவது எழுத்து இரண்டிலும் ஒன்றேதான், அதைப் பார்க்கவே வேண்டாம். முதல் எழுத்து மூடிய பெட்டிக்குள் இரண்டு கோடாக இருந்தால் தானியங்கி. பெட்டி இல்லாமல் குறுக்குக் கோடுகளை ஒரு வளைந்த தண்டு வெட்டினால் அது 'கை' என்ற எழுத்து. 'ஹன்தென்' என்று முடிவது திசையைத் தலைகீழாக்குவது. பீரங்கிக் குழல் மேலே போகச் சொன்னால் கீழே இறங்குகிறதென்றால் தேட வேண்டிய வரி இதுதான். 'மேலே', 'கீழே' என்ற அந்தக் கம்ப எழுத்துகள் இரண்டும் அடுத்தடுத்து அதற்கு முன்னால் நிற்கும். இடம், வலம் என்ற எழுத்துகளுக்கு மேல்பாதி ஒன்றுதான். கீழே இரும்பு உத்தரத்தின் வெட்டுமுகம் போல இருந்தால் இடம், சதுரப் பெட்டி இருந்தால் வலம்.

ஒரு நேரத்தில் ஒரே ஆப்ஷனை மட்டும் மாற்றி, ஆட்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சொந்த டிஸ்க்கை எமுலேட்டரில், அதாவது கன்சோல் போல நடிக்கும் கணினி மென்பொருளில், ஓட்டுபவர்கள் மெனுவுக்குள் நுழையும் முன் அந்த நிமிடத்து நிலையை அப்படியே ஒரு ஸ்டேட்டாகச் சேமித்துக்கொண்டால் பயமில்லாமல் எதையும் தட்டிப் பார்க்கலாம்.

இப்போது குண்டுகள். இந்த கேம்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

'தன்' என்று முடிந்தால் குண்டு. அந்த எழுத்தின் இடப்பாதி வில். வில் எய்த காலத்து எழுத்து இன்றைக்கும் பீரங்கிக் குண்டுக்குப் போகிறது. 'ஹோ' என்ற எழுத்து பீரங்கி. அதன் இடப்பாதி கல். கவண்பொறியில் கல் வீசிய காலம் அதில் அப்படியே நிற்கிறது. வில் தெரிந்தால் குண்டு, கல் தெரிந்தால் பீரங்கி.

'தெக்கோதன்' கவசம் துளைக்கும் குண்டு. 'ரியூதன்' வெடித்துச் சிதறும் குண்டு. ரியூ என்ற எழுத்து மாதுளையைக் குறிப்பது, இடப்பாதியில் மரம் நிற்கும். மாதுளை முத்து போலச் சிதறுவதால் வந்த பெயர். காலாட்படைக்கும் இழுத்துச் செல்லும் பீரங்கிகளுக்கும் இதுதான் சரி. சிக்கல் என்னவென்றால் 'தெக்கோ ரியூதன்', 'தாய்சென்ஷா ரியூதன்' என்று இன்னும் இரண்டு உண்டு. இரண்டும் 'ரியூதன்' என்றே முடியும், ஆனால் இரண்டும் டாங்கியை அடிப்பதற்கானவை. முதலாவது துளைத்து உள்ளே போய் வெடிப்பது, இரண்டாவது குவிந்த வெடிப்பால் கவசத்தை ஊடுருவுவது. கடைசி எழுத்துகளை மட்டும் பார்த்து 'இது காலாட்படைக்கு' என்று ஒதுக்கினால் நல்ல குண்டு பெட்டியிலேயே கிடக்கும். 'ஷோகிகா' போன்ற மெனு சொற்களில் கடைசி எழுத்து எது என்பது முக்கியம். குண்டுகளில் தலையெழுத்தைப் பாருங்கள். 'கோஷின்' என்று தொடங்கினால் கடினமான டங்ஸ்டன் உள்கருவுள்ள வேகக் குண்டு. அதன் எண்ணிக்கை குறைவாகவே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஜெர்மனியில் டங்ஸ்டன் பற்றாக்குறையால் நிஜத்திலும் அது அரிதாகவே கிடைத்தது.

டைகரின் 88 மி.மீ. பீரங்கியில் சாதாரண துளைக்கும் குண்டு வினாடிக்கு 773 மீட்டர் வேகத்தில் கிளம்பும், டங்ஸ்டன் குண்டு 930 மீட்டரில். குண்டின் பாதையைக் கணக்கிடும் கேமில் இதன் விளைவு உடனே தெரியும். சாதாரண குண்டுக்கு வைத்த தூரக் குறியில் டங்ஸ்டன் குண்டைச் சுட்டால் இலக்கின் தலைக்கு மேலே பறந்துவிடும், மாற்றிச் சுட்டால் இலக்குக்கு முன்னாலேயே விழும். குண்டை மாற்றினால் தூரத்தையும் மறுபடி வைக்க வேண்டும்.

தூரம் என்ற சொல் 'கியோரி'. அதைத் தானியங்கியில் விட்டுவைக்காமல் கையால் வைத்துப் பழக விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. டைகரின் குறிநோக்கியில் நடுவில் ஒரு பெரிய முக்கோணமும், இரண்டு பக்கமும் மும்மூன்று சிறிய முக்கோணங்களும் உண்டு. அடுத்தடுத்த முனைகளுக்கு இடைவெளி 4 மில் (மில் என்பது ஒரு சிறிய கோண அளவு). இலக்கின் அகலத்தை மீட்டரில் எடுத்து, 1000-ஆல் பெருக்கி, மில்லால் வகுத்தால் தூரம். சோவியத் டாங்கியான டி-34இன் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர். நேராக எதிரே வருவது ஓர் இடைவெளியை முழுதும் நிரப்பினால் 3000 வகுத்தல் 4, அதாவது 750 மீட்டர். பாதியை நிரப்பினால் 1500. பக்கவாட்டில் நின்றால் உடல் நீளம் சுமார் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை இடைவெளி பிடித்தால் 1000 மீட்டர்.

வாகன விவரத் திரையில் 'மென்' என்று முடிபவை கவசத்தின் பக்கங்கள். 'ஸென்மென்' முன்பக்கம், 'ஸொகுமென்' பக்கவாட்டு, 'ஹைமென்' பின்பக்கம். இங்கேயும் முதல் எழுத்துதான் பிரிக்கிறது. இடப்பக்கம் ஓர் ஆள் நிற்பது போலச் சாய்கோடும் நேர்கோடும் இருந்தால் அது பக்கவாட்டு. 'ஷதாய்' என்றால் வண்டியின் உடல், 'ஹோதோ' என்றால் டரெட், பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி. டைகரின் உடல் முன்கவசம் 100 மி.மீ., மேல் பக்கவாட்டு 80. இந்த எண்கள் திரையில் தெரிந்தால் அந்த வரி எதைச் சொல்கிறது என்று எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தெரிந்த டாங்கியின் பக்கத்தைத் திறந்து, தெரிந்த எண்களைத் தேடுவதுதான் எந்த அகராதியையும் விட வேகமான வழி. 92 என்று கண்டால் அது டைகர் சுமக்கும் குண்டுகள்.

எண்ணோடு கோணமும் கொடுத்திருந்தால் கவனம் தேவை. செங்குத்திலிருந்து அளந்த கோணமா, தரையிலிருந்து அளந்ததா என்று பார்க்க வேண்டும். டி-34இன் முன் மேல்தகடு 45 மி.மீ., செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு. நேராக வரும் குண்டு கடக்க வேண்டிய நீளம் அதனால் 90 மி.மீ. அதே தகட்டைத் தரையிலிருந்து அளந்தால் 30 டிகிரி என்று வரும். டி-34 பக்கத்தில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்தால் அந்த கேம் எந்த முறையில் எழுதுகிறது என்பது தெரிந்துவிடும், மற்ற எல்லா டாங்கிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஃபோன் கேமராவால் மொழிபெயர்ப்பது உதவும், ஆனால் அந்தக் காலத்துத் திரை 240 கோடுகள்தான். 16-க்கு 16 புள்ளிக்குள் அடைத்த கஞ்சியில் பாதிக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், செயலி உளறும். எமுலேட்டரில் ரெசல்யூஷனை ஏற்றினாலும் டாங்கிதான் கூர்மையாகும், எழுத்து அப்படியேதான் இருக்கும். டியூப் டிவியைப் படம் எடுத்தால் கறுப்புப் பட்டை விழும். கேமராவின் புரோ முறையில் ஷட்டரை 1/30 வினாடிக்கு வைத்தால் முழுத் திரையும் விழும். அப்படியும் படிக்க முடியாத எழுத்தை ஜப்பானியக் கையெழுத்துக் கீபோர்டில் விரலால் வரையுங்கள், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசையில். வரிசை தப்பினால் அது வேறு எழுத்தைக் காட்டக்கூடும்.

கடைசியாக, ஒட்டிப்போன புள்ளிகள் செய்யும் மிக மோசமான குழப்பம் ஒன்று. நிறுத்தத் திரையில் 'தெத்தாய்' என்று ஒரு சொல் இருந்தால் அது பின்வாங்கு, சண்டையைக் கைவிடு என்று பொருள். அதன் முதல் எழுத்துக்கும் 'தெக்கோதன்' சொல்லின் முதல் எழுத்துக்கும் வலப்பகுதி முழுக்க ஒன்றேதான். இடப்பக்கம் மட்டும் ஒன்றில் சாய்கோடுகள், மற்றொன்றில் கொக்கி போட்ட கை. மங்கலான திரையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். நான்கறைப் பெட்டியின் நடுக்கோடு கீழே வால் போல நீண்டிருந்தால் அது கவசம் என்ற எழுத்து, சொல் குண்டைப் பற்றியது. அப்படி இல்லையென்றால் வட்டத்தை அழுத்தாதீர்கள்.